உட்காரச் சொன்னவர்கள்

அந்த வீட்டில் பகவதிக்கென்று ஒரு நாற்காலியை ஒதுக்கியிருந்தார்கள். நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலி. முதுகுக்கு ஒரு தலையணை, காலை நீட்டி வைக்க எதிரே ஒரு ஸ்டூல், கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்ச் செம்பு, டிவி ரிமோட். அக்கா ஜலஜா எல்லாவற்றையும் பிரியத்தோடுதான் செய்திருந்தாள். அதைக் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல முடியாததுதான் பகவதிக்குத் தாங்கவில்லை.

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் மூன்றாவது மாடி வீடு. லிஃப்ட் கிடையாது. செகந்திராபாத் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கிய அன்று, அத்தான் வேணுகோபாலும் அவள் மகன் தினேஷும் இதே நாற்காலியைக் கீழே கொண்டுவந்து, அவளை உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேலே தூக்கிப் போனார்கள். மாடிக்கு மாடி கதவுகள் திறந்தன. பிள்ளைகள் கைதட்டின. "சப்பரம் வருது, வழி விடுங்க" என்றார் அத்தான், மூச்சு வாங்கியபடி. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பகவதிக்குச் சிரிப்பு வரவில்லை. தூக்கிக்கொண்டு போகிற சாமிக்கு இறங்கி நடக்க வழியில்லை என்பது அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

வள்ளியூர்ப் பக்கம் ரயில் பாதையில் அவளுக்கு வேலை. தண்டவாளத்தின் ஓரமாக நடந்து, கல் சரிந்த இடத்தில் கல்லை ஏற்றி, தளர்ந்ததை இறுக்கி, மழையானாலும் வெயிலானாலும் அடுத்த வண்டிக்குப் பாதையைத் தயாராக வைக்கிற கூட்டத்தில் அவளும் ஒருத்தி. அடையாள அட்டையில் 'கேங்மேன்' என்றுதான் போட்டிருக்கும். அதைக் காட்டி அவள் சிரிப்பதுண்டு. ஐப்பசி மழையில் ஒருநாள் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. திருநெல்வேலியில் மாவுக்கட்டுப் போட்டு, பிரித்தும் ஆயிற்று. தனியாக இருக்கிறவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்று அக்காதான் ஐதராபாத்துக்கு வரவழைத்தாள். விடுப்பு முடிகிறவரை இங்கே. முடிந்ததும் ஊருக்குப் போய் ரயில்வே டாக்டர் முன்னால் நிற்க வேண்டும். நடந்து காட்ட வேண்டும், படி ஏறிக் காட்ட வேண்டும், தரையில் குந்தி எழுந்து காட்ட வேண்டும். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குந்த முடியாதவளுக்கு அங்கே என்ன வேலை? காட்டினால் வேலை இருக்கும். காட்டாவிட்டால் 'அன்ஃபிட்'.

முழங்கால் பாதிக்கு மேல் மடங்கவில்லை.

வந்த வாரமே காலனி முனையில் இருந்த எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். மறுபடியும் சப்பரம். டாக்டர் வயதானவர். தெலுங்கும் இங்கிலீஷும் கலந்து பேசினார். பகவதிக்குத் தமிழை விட்டால், ரயில் பாதையில் காதில் விழுந்த நாலைந்து ஹிந்தி வார்த்தைகள்தான். தினேஷ்தான் நடுவில் நின்று கேட்டுச் சொன்னான். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காலை மடக்கிப் பார்த்தார். பிறகு மேஜைமேல் கிடந்த தடித்த புத்தகங்களைப் படிபோல அடுக்கி, இரண்டு விரல்களைக் கால்களாக்கி அதன்மேல் நடக்கவிட்டார். ஏறினார். இறங்கினார். அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னல சொல்லுதாரு?"

"எலும்பு இன்னும் சரியாக் கூடலையாம்மா. நடமாட்டமே கூடாதாம்."

"அப்ப எதுக்கு விரலை ஏத்தி ஏத்திக் காட்டுதாரு?"

தினேஷ் ஒரு கணம் அந்தப் புத்தகங்களைப் பார்த்தான். "இப்படிப் படி ஏறினா எலும்பு வெலகிரும்னு சொல்லுதாரு."

எலும்பு விலகிவிடும் என்பதை ஒருவர் இவ்வளவு சந்தோஷமாகவா சொல்வார் என்று பகவதிக்குத் தோன்றியது. பெரிய ஊர் டாக்டர், அவர் முகம் அப்படி போலும் என்று விட்டுவிட்டாள்.

விஷயத்தை முதலில் உடைத்தவர் அத்தான். வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத் கண்டோன்மென்ட்டுக்கு வந்துவிட்ட குடும்பம் அவருடையது. அவர் பேசுகிற தமிழை வைத்து எந்த ஊர்க்காரர் என்று யாராலும் சொல்ல முடியாது. வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ், எதுக்கு என்பதற்கு கைக்கு என்று ஐதராபாத் உருது நடுநடுவே வந்து விழும். ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது தொண்டையைச் செருமினார்.

"நான் ஒண்ணு சொல்றேன் பகவதி, கோவம் நக்கோ. இந்தக் காலை வெச்சுக்கிட்டு இன்னும் எதுக்கு நீ கல்லு அள்ளணும்? அன்ஃபிட்னு எழுதிட்டா நிம்மதியா வீட்ல உக்காரலாம். பையன் வாரிசு வேலைக்கு எழுதிப் போடலாம். உனக்கும் ஓய்வு, அவனுக்கும் ஒரு வழி. ஹவ் இல்லையா தினேஷ்?"

தினேஷ் தட்டில் இருந்த சப்பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்ஜினியரிங் முடித்துவிட்டு, பெரியம்மா வீட்டில் தங்கி அமீர்பேட்டின் கம்ப்யூட்டர் வகுப்புகளுக்குப் போக வந்தவன். முதலில் ஜாவா படித்தான். பிறகு டெஸ்டிங். பிறகு இன்னும் ஏதோ. ஒவ்வொன்றையும் படித்து முடிக்கும்போது அதற்கான கிராக்கி முடிந்திருந்தது. போன வருஷம் கம்பெனிகள் ஆள் எடுப்பதையே நிறுத்தி, இருந்தவர்களையும் வெளியே அனுப்பிய பிறகு அவன் வேலையைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டான். தினமும் காலையில் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு அமீர்பேட்டுக்குப் போனான். இருட்டியதும் வந்தான்.

"எய்யா, நீயும் அப்படித்தான் நெனைக்கியா?"

"நான் ஒண்ணும் நெனைக்கலம்மா. ஒனக்கு முடியலைன்னா சொல்லுதாங்க."

"எனக்கு முடியலைன்னு யாரு சொன்னா?"

"டாக்டர்தான்."

"ஏட்டி, எதுக்கு இந்த வீம்பு?" என்றாள் அக்கா. "இத்தனை வருஷம் வெயில்ல கெடந்து கறுத்தது போதாதா? எம் பக்கத்துல உக்காந்து ரெண்டு சீரியல் பாத்தா என்ன கொறைஞ்சிரும்?"

பகவதி சப்பாத்தியைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் அப்படித்தான். பேச்சு நின்ற இடத்தில் அவள் பாட்டுக்கு இருப்பாள். மற்றவர்கள்தான் நெளிவார்கள். அந்த வேலை அவளுக்குப் புருஷன் செத்ததால் கிடைத்தது. முதல் வருஷம் தண்ணீர்க் குடத்தைக் கொடுத்து, இதைத் தூக்கிக்கொண்டு பின்னால் வா என்று மட்டும்தான் சொன்னார்கள். குடத்தை இறக்கிவைத்துவிட்டுக் கடப்பாரையை அவளாகத்தான் எடுத்தாள். அதற்காக யாரும் அவளைப் பாராட்டவில்லை. ஒருவன் சிரித்தான். பிறகு சிரிப்பும் நின்றுபோயிற்று. பொழுது விடிகிற நேரத்தில் தண்டவாளத்தோரம் நடக்கும்போது, யாரும் அவளை அம்மா என்றோ மதினி என்றோ பாவம் என்றோ கூப்பிடாத ஒரு நேரம் அவளுக்கு வாய்த்தது. வேறு எங்கும் அது கிடைத்ததில்லை. ஒரு சாவினால் வந்த வேலை. இப்போது அவளையும் பாதி செத்தவளாக எழுதிக் கொடுத்து அதை வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். அதுவும் சப்பாத்திக்கும் குருமாவுக்கும் நடுவில்.

"நான் இன்னும் சாவல அத்தான்," என்றாள். "அக்கா, இன்னொரு சப்பாத்தி போடு."

மறுநாளிலிருந்து மதியங்கள் அவளுடையவையாயின. அக்கா டிவியை ஓடவிட்டு அதன் முன்னாலேயே தூங்கிப்போவாள். அந்தச் சத்தத்தின் மறைவில் பகவதி ஸ்டூலிலிருந்து காலை இறக்கினாள். எதிர்வரிசையில் பிசியோதெரபி சென்டர் என்று பெரிய போர்டு ஜன்னல் வழியாகவே தெரிந்தது. அங்கே வாங்குகிற தொகையை அக்கா ஒருதரம் சொல்லியிருந்தாள். சொன்ன வேகத்திலேயே, நடக்கவே கூடாத காலுக்கு அதெல்லாம் எதுக்கு என்றும் முடித்துவிட்டாள். அதனால் பகவதி வீட்டில் இருந்ததை எடுத்தாள். சமையலறையிலிருந்து கல்லுப்புப் பாக்கெட்டை எடுத்துத் துண்டில் முடிந்து கணுக்காலில் கட்டினாள். கட்டிலில் உட்கார்ந்து காலைத் தூக்கினாள், இறக்கினாள். சப்பாத்திக் கட்டையைத் தரையில் போட்டு உள்ளங்காலால் உருட்டினாள். ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குந்துவதற்காக மெல்ல மெல்லக் கீழே இறங்கினாள். பாதியில் முழங்கால் பூட்டிக்கொண்டது. கண்ணில் நீர் முட்டியது. கம்பியை விடாமல் அங்கேயே நின்றாள்.

பயம் இல்லாமல் இல்லை. டாக்டர் கூடாது என்றவர். எலும்பு மறுபடி விலகிவிட்டால் எல்லாம் போயிற்று. ஆனால் நோகிற வலிக்கும் முறிகிற வலிக்கும் வித்தியாசம் உண்டு. முறிந்தபோது இருந்த வலியை அவள் மறக்கவில்லை. இது அது இல்லை. இது தூங்கிக்கொண்டிருந்ததை எழுப்பினால் வருகிற எரிச்சல்.

படி ஏறத் துணிந்தபோது கீழே போகவில்லை, மேலே போனாள். மொட்டை மாடிக்கு. அங்கே யாரும் வர மாட்டார்கள். கைப்பிடிச் சுவரைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து, மற்றதைப் பின்னால் இழுத்து. மேலே கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகளும் டிஷ் ஆன்டெனாக்களும் காய்கிற புடவைகளும் கிடந்தன. தூரத்தில் பாறைக் குன்றுகளைக் குடைந்து, அதன்மேல் கண்ணாடிக் கட்டடங்களை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். கிரேன்கள் ஒன்றுக்கொன்று தலையாட்டிக்கொண்டு நின்றன. தொட்டிகளைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். யாரும் கூப்பிடவில்லை. காதில் காற்று மட்டும்தான். பல வாரங்களுக்குப் பிறகு மனசுக்குள் ஒரு அமைதி இறங்கியது.

இறங்கும்போதுதான் பிடிபட்டாள். அக்கா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவள், படியில் நின்றவளைப் பார்த்ததும் தலையில் கைவைத்தாள்.

"அடிப்பாவி! எலும்பு வெலகிருமின்னு அந்த மனுஷன் தலைப்பாடா அடிச்சிக்கிட்டாரே!"

சாயங்காலம் விசாரணை நடந்தது. அத்தான் வருத்தமாகப் பேசினார். தினேஷ் கோபமாகப் பேசினான், பேசும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். முடிந்ததும் எழுந்து நின்றாள்.

"நாளையிலேருந்து ஒளிச்சு நடக்க மாட்டேன். எல்லாரும் பாக்க நடப்பேன். இந்தக் கால் முறிஞ்சா எங்காலு. அதுக்கு யாரும் அழ வேண்டாம்."

"கைக்கு இவ்ளோ பிடிவாதம்?" என்றார் அத்தான், யாரிடம் என்றில்லாமல்.

அடுத்த நாள் விடிந்ததும் கீழே இறங்கினாள். இறங்குவதுதான் ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. அன்றைக்குக் கைதட்டிய பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையோடு ஒதுங்கி நின்று பார்த்தன. காலனிப் பூங்காவில் நுழையக் காசு கேட்பவர் யாரும் இல்லை. உடைந்த சறுக்குமரம், வேப்பமரங்கள், சுற்றிலும் கல் பாவிய நடைபாதை. ஆண்கள் ஒரு பக்கம் வட்டமாக நின்று கையைத் தூக்கி ஹஹ்ஹா என்று வலுக்கட்டாயமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பகவதி ஒரு சுற்று வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். முழங்கால் துடித்தது. இன்றைக்கு இவ்வளவு போதும் என்று நினைத்தபோது பெஞ்சின் முதுகில் யாரோ படபடவென்று தட்டினார்கள்.

கறுப்பு புர்க்கா. அதற்குக் கீழே ஆண்கள் போடுகிற வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. வயது பகவதியைவிடக் கூடத்தான் இருக்கும்.

"கைக்கு பைட்டே? உட்டோ, உட்டோ! சலோ!"

எதுக்கு உட்கார்ந்திருக்கிறாய், எழுந்து நட என்கிறாள் என்று கை ஜாடையில் புரிந்தது. பகவதி காலைத் தொட்டுக் காட்டினாள். முறிந்தது என்று கையால் ஒடித்துக் காட்டினாள். அந்த அம்மாள் குனிந்து காலைப் பார்த்தாள். தன் இடுப்பைத் தட்டினாள், அதுவும் ஒருகாலத்தில் முறிந்ததுதான் என்பதுபோல ஒடித்துக் காட்டினாள். பிறகு கையை நீட்டினாள்.

"சலோ."

அந்த ஊருக்கு வந்ததிலிருந்து எழுந்திரு என்று பகவதியிடம் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

ஷமீம் என்று பெயர். எல்லோரும் அக்கா என்பதுபோல ஆபா என்று கூப்பிட்டார்கள், பகவதியும் அப்படியே கூப்பிட்டாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. அது வசதியாகப் போயிற்று. வீட்டில் வார்த்தைகள் அதிகம். இங்கே இரண்டு ஜோடிக் கால்களின் சத்தம் மட்டும். பூங்கா பழகியதும் ஆபா அவளை மெயின் ரோட்டுக்குக் கூட்டிப் போனாள். அது பழகியதும் பரத் நகர் ஸ்டேஷனுக்கு. அங்கே நடைமேம்பாலத்தின் படிகளில் ஏறி இறங்க வைத்தாள். அலுவலகக் கூட்டம் மடிக்கணினிப் பையோடு முட்டிக்கொண்டு ஓடும். அதற்கு நடுவில் இரண்டு பெண்கள் எந்த வண்டிக்கும் போகாமல் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்கள். சில நாட்கள் உள்ளூர் ரயிலில் நெக்லஸ் ரோடு போய் ஏரிக்கரையில் நடந்தார்கள். டீ ஒன்றை வாங்கி இரண்டாகப் பகிர்ந்துகொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி பேசாமல் நிற்பார்கள். ஒரு பெரிய நகரத்தில் காசில்லாதவளுக்கு இவ்வளவு இடம் கிடக்கிறது என்று பகவதி நினைக்கவே இல்லை. படி இருந்தது. பாலம் இருந்தது. ஏரிக்கரை இருந்தது. நாற்காலிதான் குறுக்கே இருந்தது.

கால் வழிக்கு வந்தது. நடை வந்தது. படி வந்தது. முழுசாகக் குந்துவது மட்டும் வரவில்லை. கடைசியில் ஒரு இடத்தில் முழங்கால் இறுகி நின்றுகொண்டது. விடுப்பு முடிய அதிக நாளில்லை.

பயம் அரித்ததால்தான் டாக்டரிடம் போனாள். தினேஷைக் கேட்கவில்லை. ஆபாவைக் கூட்டிக்கொண்டு தானே நடந்து போனாள். உள்ளே நுழைந்தவளைப் பார்த்ததும் டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"குட்! வெரி குட்! வாக்கிங்?"

"வாக்கிங்," என்றாள் பகவதி. திட்டு விழும் என்று காத்திருந்தாள். பிறகு படி ஏறுவதையும் இவர் தெரிந்துகொள்ளட்டும் என்று, "ஸ்டெப்ஸ்" என்றாள். கையால் ஏறி இறங்கிக் காட்டினாள்.

டாக்டர் சிரித்தார். ஆபாவிடம் உருதுவில் என்னவோ சொன்னார். ஆபா பெருமையாகத் தன் நெஞ்சைத் தட்டிக்கொண்டாள். பிறகு அவர் மேஜைமேலிருந்த அதே தடித்த புத்தகங்களை எடுத்தார். அதேபோல அடுக்கினார். அதே இரண்டு விரல்கள். ஏறின. இறங்கின. "டெய்லி," என்றார். "ஐ டோல்ட் யுவர் சன். டெய்லி வாக்கிங், டெய்லி ஸ்டெப்ஸ். சிட்டிங், நோ. நோ சிட்டிங்."

அந்த இங்கிலீஷ் பகவதிக்குப் புரியக்கூடியதாகத்தான் இருந்தது. புரியாமல் இருந்திருக்கலாம்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தாள். ஆபா உட்டோ என்று சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். ரோட்டில் பஸ்கள் போயின, வந்தன. பகவதியின் கண்முன்னால் அந்தப் புத்தகங்கள்தான் நின்றன. தினேஷ் ஒரு கணம் அவற்றைப் பார்த்தானே, அந்த ஒரு கணம். அதற்குள்தான் அவன் முடிவு செய்திருக்கிறான். சின்ன வயதில் இட்லித் தட்டில் துட்டை ஒளித்துவைத்துவிட்டு இதே கண்ணால்தான் பார்ப்பான். கோபம் முதலில் வரவில்லை. வெட்கம்தான் வந்தது, தான் ஏதோ தப்பு செய்ததுபோல. அது மெல்லத் திரும்பிக் கோபமான பிறகுதான் எழுந்தாள்.

அமீர்பேட்டில் தனியாகப் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மதிய வெயில் தலையில் இறங்கியது. சந்துக்குச் சந்து ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கிய ஃப்ளெக்ஸ் போர்டுகள், ஜெராக்ஸ் கடைகள், ஹாஸ்டல் விளம்பரங்கள், ரோடு கொள்ளாத இளவட்டங்கள். இதில் அவனை எங்கே தேடுவது என்று திகைத்து நின்றவளின் கையில் ஒரு நோட்டீஸ் திணிக்கப்பட்டது.

"ஜாவா, டெஸ்டிங், டெமோ கிளாஸ் ஃப்ரீ மேடம்..."

திணித்தவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த ஆளுக்கு நீட்டப் போய்விட்டான். உள்ளே விட்ட சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கக்கத்தில் நோட்டீஸ் கட்டு. பகவதி அசையவில்லை. இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டுத்தான் அவன் கை நின்றது. மெதுவாகத் திரும்பினான்.

"அம்மா? எப்படிம்மா வந்த?"

"நடந்து."

அவன் நோட்டீஸ் கட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"ஒளிக்காத. அதையும் பாத்துட்டேன். டாக்டரையும் பாத்துட்டேன். விரலை ஏத்திக் காட்டினாரு."

போகிறவர்கள் இருவரையும் இடித்துக்கொண்டு போனார்கள். பகவதி காத்திருந்தாள். அவளுக்குக் காத்திருக்கத் தெரியும்.

"மூணு வருஷமா இந்த ரோட்டுல நிக்கேன்மா," என்றான் கடைசியில். "எனக்குப் பின்னால படிச்சு வந்தவனுக்கெல்லாம் நான் நோட்டீஸ் குடுக்கேன். கொஞ்ச நாள் நீ உக்காந்தா போதும்னு நெனைச்சேன். ஒனக்கு அது கல்லு அள்ளுற வேலைதான. எனக்கு அது..."

"கல்லு அள்ளுற வேலைதான். அதான காலேஜ்ல எங்கம்மா ரயில்வே ஆபீஸ்ல இருக்கான்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச? அப்பக் கசந்தது, இப்ப இனிக்கோ?"

அவன் கண் கலங்கியது.

"அழாதல. அழுதா ஒன்னையும் ஒரு நாற்காலியில ஒக்கார வச்சிருவாங்க." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "நீ வேலைக்குக் கஷ்டப்படுறது எனக்குத் தெரியாமலா இருக்கு? துட்டு கேட்டிருந்தா குடுத்திருப்பேன். வேலையையே கேட்டிருந்தாலும் ராத்திரி பூரா முழிச்சுக் கெடந்து யோசிச்சிருப்பேன். எங்காலை எதுக்குல கேட்ட? எங்கிட்ட கேக்காமலே எதுக்குல எடுத்த?"

"தப்புதாம்மா."

"தப்புதான். அதை ஒன் பெரியப்பாகிட்டயும் சொல்லு. அவருக்கு நீ சொன்னதுதான் தெரியும்." அத்தானை அப்படித்தான் அவன் கூப்பிடுவான். "அந்த வேலையிலதான் கண்ணுன்னா நேரா வா. ரயில்வேல ஆள் எடுக்கும்போது பரீட்சை எழுது. அதுக்கும் ஓடிக் காட்டணும், கேட்டுக்கோ. ஓடுவியா நீ? என்னையத் தூக்கிட்டு மூணு மாடி ஏறுனதுக்கே ரெண்டு நாள் இடுப்பைப் புடிச்சிக்கிட்டுக் கெடந்தவன்."

அழுகையோடு அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. கையிலிருந்த நோட்டீஸை மடித்து அவன் சட்டைப் பையில் திருப்பி வைத்துவிட்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள். மன்னித்துவிட்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அது மெதுவாக ஆகட்டும். முழங்காலே மெதுவாகத்தான் மடங்குகிறது.

ஊருக்குப் புறப்பட்ட அன்று அக்கா எலுமிச்சை ஊறுகாயும் அழுகையுமாக நின்றாள். தினேஷ் உண்மையைச் சொல்லிவிட்டிருந்ததால் அத்தான் அவள் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டார். பகவதி படி இறங்கப் போகும்போது, "அந்தச் சேரை மொட்டை மாடியில போட்டுட்டேன் பகவதி. காக்கா உக்காரட்டும்" என்றார். பூங்கா வாசலில் ஆபா நின்றிருந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆபா தன் ஷூவால் அவள் இடது பாதத்தை லேசாகத் தட்டினாள்.

செகந்திராபாத் ஸ்டேஷனில் வண்டி வேறு பிளாட்பாரத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. மேம்பாலம் ஏறித்தான் போக வேண்டும். தினேஷ் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு படிகளைப் பார்த்தான்.

"அம்மா, வீல்சேர் இருக்கான்னு..." என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பகவதி பெட்டியை அவனிடமே விட்டுவிட்டு ஏற ஆரம்பித்தாள். ஒரு காலை வைத்து மற்றதை இழுக்கிற ஏற்றம் இல்லை இது. ஒரு படிக்கு ஒரு கால். மேலே போய்த் திரும்பிப் பார்த்தபோது தினேஷ் பாதியில் நின்று பெட்டியைக் கைமாற்றிக்கொண்டிருந்தான். மூச்சு வாங்கியது அவனுக்கு.

மேம்பாலத்தின் கம்பிகளுக்குக் கீழே தண்டவாளங்கள் வெயிலில் மினுங்கிக்கொண்டு, பிரிந்தும் சேர்ந்தும் போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் பார்த்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. பிடித்துக்கொள்ளக் கம்பியைத் தேடிய கையை இழுத்துக்கொண்டாள். நின்ற இடத்திலேயே மெல்லக் கீழே இறங்கினாள். வழக்கமாக இறுகிக்கொள்கிற இடம் வந்தது. முழங்கால் முனகியது. அவள் நிறுத்தவில்லை. அது விட்டுக்கொடுத்தது. இரண்டு குதிகாலும் தரையில் பதிய, கூட்டம் இரண்டாகப் பிரிந்து சுற்றிப் போக, நடுப்பாலத்தில் பகவதி குந்தியிருந்தாள்.

"அம்மா! அங்கன என்ன உக்காந்துட்ட? எந்திரி, வண்டி வந்திரும்," என்று கீழேயிருந்து சத்தம் போட்டான் தினேஷ்.

"நீ ஏறி வால மொதல்ல," என்றாள் அவள்.

அவன் மேலே வந்து சேர்ந்து, வழக்கப்படி கையை நீட்டினான். பகவதி அந்தக் கையைப் பார்த்தாள். பிடிக்காமல், தரையிலும் ஊன்றாமல், தானாக எழுந்தாள்.